குருடர்கள் என்று எழுதிய அப்பாவுக்கு

என் பிரியமுள்ள அப்பா,

பழைய ஏற்பாட்டில் எசாயா இறைவாக்கினர் பாடுகிற அந்தத் துன்புறும் ஊழியன் யார்? ஒரு மனிதனா, ஒரு மக்கள் கூட்டமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள். கல்லூரியில் இத்தனை வருடம் வரலாறு சொல்லிக்கொடுக்கும் எனக்கு இன்றும் பதில் தெரியவில்லை.

நாளை பெரிய வெள்ளி. நீங்கள் இல்லாமல் வருகிற முதல் பெரிய வெள்ளி. பங்குக் கோவில் வளாகத்தில் வழக்கம்போல் இயேசுவின் பாடுகளின் நாடகம். நீங்கள் எழுதியது, நீங்களே கட்டியங்காரராக நின்று வாசித்தது. சிலுவையைத் தோளில் ஏற்றும் இடத்தில் அந்த வரி வரும்: "தங்கள் வேதத்தையே வாசிக்கத் தெரியாத குருடர்களே!" யூதர்களைப் பார்த்துச் சொல்வது. சின்ன வயதில் அதைக் கேட்டு எனக்குப் புல்லரிக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்து, "என்னா படிக்கிற?" என்றீர்கள். எசாயாவுக்கு யூத அறிஞர்கள் எழுதிய விளக்கம் என்றேன். "அவங்க என்னா சொல்றாங்க?"

சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு இயேசு என்று நாம் வாசிக்கும் குழந்தை, எதிரிகளைக் கண்டு நடுங்கிய ஒரு ராஜாவுக்கு அப்போதே கொடுத்த அடையாளம் என்கிறார்கள். நாம் இயேசு என்று சொல்லும் ஊழியன் இஸ்ரயேல் மக்கள்தான், முந்தின அதிகாரங்களிலேயே பெயர் சொல்லி அழைத்திருக்கிறதே என்கிறார்கள். மெசியா என்கிற மீட்பர் வந்தால் வாள்கள் கலப்பையாகும் என்றிருக்கிறது, வந்துவிட்டார் என்றால் போர் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறார்கள். மறுபடி வந்து முடிப்பார் என்று நாம் சொல்வது அவர்களுக்குப் பதிலாகப் படவில்லை.

"வாயை மூடு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மறுநாள் காலை இட்லியைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் வழக்கமான பிரெஞ்சுச் சொல்லோடு நீங்களே ஆரம்பித்தீர்கள்: "அலோர், எப்பவோ பொறக்கப்போற புள்ளையால அந்த ராஜாவுக்கு என்னா பிரயோஜனம்?" அதன் பிறகு தினமும் சண்டைதான். "பெருசு, பிரஷர் ஏறுது!" என்று நர்ஸ் அதட்டும் அளவுக்கு.

நீங்கள் விசுவாசத்தை விடவில்லை. எல்லாரும் படிக்கட்டும் என்றே இதை இந்தத் திறந்த கடிதத்தில் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது இதுதான்: "நான் நம்புறது நம்புறதுதான். ஆனா அவங்க குருடர் இல்லம்மா. நல்லாப் படிச்சுட்டுத்தான் இல்லைன்றாங்க. அந்த வரியை எடுக்கச் சொல்லிடு."

சொன்னேன். இந்த வருடம் உங்கள் இடத்தில் நிற்கப்போகிற லூர்து மாமாவை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பிடித்தேன்.

"ஆஸ்பத்திரி மருந்துல மனுஷன் என்னா பேசினாரோ! செத்தவர் எழுதினதுல கை வைக்கக் கூடாதும்மா" என்றார்.

"அவர்தான் மாமா எடுக்கச் சொன்னாரு."

"இந்த ஊர்ல ஒரு யூதன் உண்டா? யாரு வந்து கேக்கப்போறான்?"

"இல்லாதவங்களைத் திட்டுறது சுலபம் மாமா."

"நீ பூசைக்கே வர்றதில்ல. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நாடகத்துக்கு வருவேன்" என்றேன். மீன்காரம்மா சிரித்தாள்.

எந்த வாசிப்பு சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் குருடர் என்ற அந்தச் சொல்லையும் சொல்லித்தானே ஐரோப்பாவில் அவர்களை ஊர் ஊராக விரட்டினார்கள்? அது நம் கோவில் மைக்கில், உங்கள் பெயரில் ஏன் ஒலிக்க வேண்டும்? உங்கள் மனம் மாறியதை நான் மட்டும்தான் கேட்டேன். அதற்காக அது நடக்காததாகிவிடுமா?

நாளை அந்த வரி ஒலித்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களோடு சண்டை போட்டே வளர்ந்த ஒரே மகள்,
தெரேஸ்

மறுநாள் நடந்தது:

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை வாசித்தார், உங்களைவிடச் சத்தமாக. எழுந்தேன். "இது எங்க அப்பா எழுதினது. தப்புன்னு அவரே சொன்னாரு. அவங்க குருடர் இல்ல." "உக்காருங்க டீச்சர்!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நான் உட்காரவில்லை. மாமாவும் மேலே வாசிக்கவில்லை. இயேசுவாக நடித்த ஆரோக்கியம் சிலுவைக்கு அடியிலிருந்து, "சீக்கிரம் படிங்க மாமா, தோள் எறங்குது" என்றான். சிலர் சிரித்துவிட்டார்கள். நாடகம் நகர்ந்தது.

கல்வாரி மலையில் சிலுவையில் அறையும் காட்சியில் அதே வரி இன்னொரு முறை வரும். மாமா அங்கே வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். நான் அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதற்கு அடுத்த வரியை வாசித்தார்.