காசிமாயன் பேரில் நிற்கும் வாசக்கால்

மதுரை
யுவ வருஷம், ஐப்பசி மாதம்

ரங்கூனில் இருக்கும் மகன் காசிமாயனுக்கும், மருமகள் செல்லக்கிளிக்கும், இன்னும் முகம் பார்க்காத பேரனுக்கும் அய்யா பேயாண்டி ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொன்னது. இங்கே நான் சுகம். உன் ஆத்தா சுகம். பசு சுகம். உன் பேரில் வைத்த வாசக்காலுக்குத்தான் கொஞ்சம் கண்டம்.

எழுதுவது உன் சிநேகிதன் ஹரிராம். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் சொல்வதை அவன் நாகரிகமாக மாற்றி எழுதினால் அந்தக் குற்றம் என்னைச் சேராது.

நீ அனுப்பிய பணத்தில் திருப்பரங்குன்றம் ரோட்டோரம் உன் பேருக்கு மனை வாங்கினோம் அல்லவா. ஆடி கழிந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று இருந்தேன். ஜோசியர் உன் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, ஆவணிக் கடைசியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் இருக்கிறது, விட்டால் தைக்குத்தான் வாசக்கால் வைக்கலாம் என்று சொல்லிவிட்டார். அஸ்திவாரத்துக்குக் கல் வரவில்லை. செங்கல் சூளையிலேயே இருந்தது. முகூர்த்தம் மட்டும் வந்துவிட்டது. என்ன செய்வது? மொக்கையன் ஆசாரி நம் வேம்பில் இழைத்துவைத்திருந்த வாசக்காலை வெறும் மனையில் குழி தோண்டி, நவதானியம் போட்டு, மஞ்சள் துணி கட்டி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டோம். சுவர் பிறகு வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். வைத்த பிறகு அதன் வழியாகத்தான் போக வர வேண்டும். பிடுங்கவே கூடாது. பிடுங்கினால், யார் பேரில் வைத்தோமோ அவருக்கு ஆகாது. ஆத்தா எனக்குக் கஞ்சி கொண்டு வந்தால் வாசலில் குனிந்துதான் உள்ளே வருவாள். நானும் கை கழுவ வாசல் வழியாக வெளியே போய் வருவேன். ஆடுகளுக்குத்தான் இது விளங்கவில்லை. சுவருக்குள் புகுந்து புகுந்து வருகின்றன.

போன வருஷம் முனிசிபாலிட்டி தன் எல்லையை நீட்டியதில் நம் மனையும் உள்ளே போய்விட்டது. எல்லைக்குள் பிளான் கொடுத்து உத்தரவு வாங்காமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. தமுக்கு அடித்தார்கள் என்று ஹரிராம் சொல்கிறான். அன்றைக்கு நான் பேரையூர்ச் சந்தையில் இருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் முனிசிபாலிட்டி ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். அளக்கிற நாடாவை இழுத்துக்கொண்டு வடபக்கமாக உள்ளே வந்துவிட்டார். உன் ஆத்தா பார்த்தாள். “யாருய்யா அது, சொவரேறிக் குதிச்சு வாரது?” என்று ஒரு சத்தம் போட்டாள். அவர் மிரண்டு போய், “சொவரே இல்லையேம்மா” என்றார். “சொவரு நாளைக்கு வரும். வாசக்கா இன்னைக்கே நிக்கிதுல்ல? படிச்ச மனுசனுக்கு வாசல் வழியா வரத் தெரியாதா?” என்று இவள் விடவில்லை. பாவம், அவர் வந்த வழியே திரும்பிப் போய், ரோட்டுப் பக்கம் சுற்றி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். ஆத்தா மோர் கொடுத்தாள். குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்த பிறகு, “பெரியவரே, உத்தரவு இல்லாமக் கட்டடம் கட்டியிருக்கீரு” என்று சொல்லி ஒரு நோட்டீசை நீட்டினார். “எந்தக் கட்டடத்தச் சொல்றீக?” என்று கேட்டேன். அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பொட்டல் வெளியும் ஒரு ஆடும் இருந்தன. வாசக்காலைக் கைகாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கெடுவுக்குள் நாமாக எடுக்காவிட்டால் அவர்களே பிடுங்கிவிடுவார்கள் என்று ஹரிராம் நோட்டீசை வாசித்துச் சொன்னான். அதைக் கேட்டதும் உன் ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாசக்காலின் காலடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். “பிடுங்க வாரவன் மொதல்ல என்னையத் தூக்கிப் போட்டுட்டு அப்புறமாப் பிடுங்கட்டும்” என்றாள். வாசக்கால் உன் பேரில் நிற்கிறது. நீ கடல் தாண்டி இருக்கிறாய். அவள் பயம் எனக்கும் இருந்தது. நான் பாய் விரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஹரிராமைக் கூட்டிக்கொண்டு கமிஷனரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். அந்த மனை முன்பு எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்கினேன். ரோட்டுக்கு முன்னால் வண்டிப்பாதை, அதற்கு முன்னால் ஓடை, அந்தப் பாதையில் முதல் மோட்டார் வந்தபோது என் சித்தப்பன் மாடு மிரண்டு கண்மாய்க்குள் இறங்கியது, மாட்டின் பேர் செவலை, அதை யாரிடம் வாங்கினோம் என்று எல்லாம் சொன்னேன். “பெரியவரே, மாடு கண்மாயிலயே இருக்கட்டும், நாம வாசக்காலுக்கு வருவோம்” என்றார்.

“சாமி, சொவரு இல்ல, கூரை இல்ல. வெறும் மரத்தைப் போயிக் கட்டடம்னா எப்புடி?” என்று கேட்டேன். அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தாவும் புரட்டினார். தனியாக நிற்கிற வாசக்காலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கமிஷனர் சிரித்துக்கொண்டு, வெறும் மரத்துக்கு நோட்டீஸ் செல்லாது போலிருக்கிறதே என்றார். ஹரிராம் என் தொடையைக் கிள்ளினான், எழுந்திரு என்று.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். என் வாய் விடவில்லை. ஓவர்சியரும் அங்கேதான் நின்றார். “அம்புட்டும் சரிதான் சாமி. ஆனா ஒங்க ஓவர்சியரு இருக்காரே, வாசல்ல செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, குனிஞ்சுதான் எங்க வீட்டுக்குள்ள வந்தாரு” என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஓவர்சியர் காது சிவந்துவிட்டது. கமிஷனர் மட்டும் சிரிக்கவில்லை. “வீடுன்னா சொன்னீரு?” என்றார்.

ஹரிராம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கமிஷனர் பொறுமையாகச் சொன்னார்: “ஒண்ணு சொல்லும் பெரியவரே. அது மரமா, வீடா? மரம்னா மழைக்காலத்துல ரோட்டுல போறவன் மேல விழுந்திரும், இன்னைக்கே சாச்சுப் படுக்கப் போட்டிரணும். வீடுன்னா பிளான் குடுக்கணும்.” மரம் என்று சொன்னால் படுத்துவிடும். படுத்தால் பிடுங்கியதுதானே. “வீடுதான் சாமி, எம் மகன் வீடு” என்று சொல்லிவிட்டேன்.

சரி, தை வரைக்கும் நோட்டீசை நிறுத்தி வைக்கிறேன், அதற்குள் பிளான் வர வேண்டும் என்றார். நான் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு குமாஸ்தாவிடம் போனேன். “மனை காசிமாயன் பேருல இருக்கு, ஒம்ம ரேகை எனக்கெதுக்கு? சொந்தக்காரரு கையெழுத்துப் போடணும்” என்றார். இந்தக் கட்டைவிரலை வைத்து நான் எத்தனை மாடு வாங்கி விற்றிருப்பேன்! சொந்தக்காரர் எங்கே என்றார். ரங்கூன் என்றேன். எப்போது வருவார் என்றார்.

செத்துப்போன மாட்டின் பேர் வரைக்கும் சொன்னவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஆத்தாவும் அதையேதான் கேட்கிறாள்.

ஆகையால் நீ தைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பிளானைத் தபாலில் அனுப்பினால் நீ அங்கேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பலாம் என்று ஹரிராம் சொல்கிறான். அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டான் என்று நினைக்கிறேன், பேனா நிற்காமல் ஓடுகிறது. நீ அந்த வரியை விட்டுவிட்டுப் படி.

மழை நன்றாகப் பெய்கிறது. ஓவர்சியர் போகும்போதும் வரும்போதும் இறங்கி, முட்டு சாயாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கிறார். வாசல் வழியாகத்தான் வருகிறார். வாசல்படியை உயரமாக வைக்கலாம் என்று ஆசாரி சொன்னான். பேரன் நடக்கிறானோ தவழ்கிறானோ எங்களுக்குத் தெரியவில்லை, தாழ்வாகவே வையப்பா என்று சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கதவு இன்னும் போடவில்லை, எந்த நேரத்தில் வந்தாலும் தட்ட வேண்டியதில்லை. வரும்போது பக்கவாட்டில் மட்டும் வந்துவிடாதே. ஆத்தா வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
முனிசிபாலிட்டியில் செல்லாத கட்டைவிரல் ரேகை,
உன் அய்யா பேயாண்டி