நானும் சிரித்தேன்

ஈப்போ
3 மார்ச் 2024

அன்புத் தம்பி ரூபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எட்டு நாளாக என் கைப்பேசி அணைந்து கிடப்பதால் நீயும் அம்மாவும் பயந்திருப்பீர்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. யாரோ என் எண்ணை இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஒரே நாளில் நானூறு பேர் செய்தி அனுப்பினார்கள். அதில் இருந்ததை உனக்கு எழுத முடியாது. சிம்மை உடைத்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் ஆபீஸ் தயாரிக்கும் கேம் உனக்குத் தெரியும், நீயே விளையாடுகிறாய். அதில் வரும் வாள்காரிக்கு இந்த முறை புதிதாக உடை வரைந்தது நான்தான். முன்பு அவளுக்கு மார்க்கச்சையைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. சண்டைக்குப் போகிறவளாயிற்றே என்று கழுத்திலிருந்து கால்வரை கவசம் போட்டேன். அதற்குத்தான் இவ்வளவும்.

எங்கள் குழுத் தலைவர் தேவன் அண்ணனிடம் சொன்னேன். "பசங்க வெளாட்டுக்குப் பேசுவானுங்க லா. நீ கொஞ்சம் சிரிச்ச மாதிரி ஒரு வீடியோ போட்டு சாரி சொல்லிடு, அடங்கிடும்" என்றார். அறையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். அங்கே பெண் நான் ஒருத்திதான்.

அம்மாவிடம் போன் பழுது என்று மட்டும் சொல். நீ இங்கே வராதே. யார் முகத்தையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
புஷ்பலதா


சுங்காய்
9 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு தமிழ் நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் திட்டாதே. அம்மா பள்ளிக் கேண்டீன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். "போனுதானே, கடையில குடுத்தா ஒரே நாள்ல செஞ்சி குடுப்பானே" என்று தினமும் கேட்கிறார். எனக்கும் டயர் கடையில் வேலை சரியாக இருக்கிறது.

அவர்களைக் கண்டுகொள்ளாதே அக்கா. கேமில் சூடாகப் பேசுவது வழக்கம்தான். எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு மாதத்தில் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார்கள்.

போலிசுக்குப் போனாயா? எண்ணைப் போட்டது யார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியுமா? அதை மட்டும் எழுது.

அன்புடன்
ரூபன்


ஈப்போ
20 மார்ச் 2024

ரூபா,

யாரையாவது பிடித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த யாரோ ஒருத்தியும் இன்னொருவனுக்கு அக்காதானே.

போன வருடத் தைப்பூசத்தில் கல்லுமலைக் கோயிலில் நான் பால்குடம் எடுத்தேன். மஞ்சள் சேலை முழுக்க நனைந்திருந்தது. நீதான் படம் எடுத்தாய். அந்தப் படத்திலிருந்து என் தலையை வெட்டி, ஓர் அம்மண உடம்பில் ஒட்டி, இணையமெங்கும் அனுப்பியிருக்கிறார்கள். போன வாரம் ஆபீஸ் பிரிண்டரிலேயே அதை அச்சடித்து என் மேசையில் வைத்திருந்தார்கள். தேவன் அண்ணன் அந்தத் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டிருக்கானுங்க" என்றார்.

போலிசில், "படத்த எதுக்குமா நெட்டுல போட்டீங்க?" என்று கேட்டார்கள். நான் எங்கும் போடவில்லை. உன் கைப்பேசியிலும் அம்மாவுடையதிலும்தான் அது இருந்தது. அம்மாவுக்குப் படம் அனுப்பத் தெரியாது.

போலிசில் உன் பெயரைச் சொல்லவில்லை. நீயே எனக்குச் சொல்.

புஷ்பலதா


சுங்காய்
2 ஏப்ரல் 2024

அக்கா,

நான்தான்.

கேம் ஆடுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. வாள்காரியை மாற்றியவரை எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். "அது எங்க அக்காடா" என்று பெருமைக்குத்தான் சொன்னேன். நம்பவில்லை. படத்தை அனுப்பினேன். அப்போதும் ஒருவன் பொய் என்றான். அவனுக்கு உன் எண்ணைக் கொடுத்தேன். அவன் அதை எங்கும் போட்டுவிட்டான்.

நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் என்னையும் கேலி செய்து வெளியே தள்ளுவார்கள். பேசாமல் இருந்தேன். அந்த ஒட்டிய படம் வந்தபோது எல்லாரும் சிரிக்கிற முகம் போட்டார்கள். நானும் சிரித்தேன் அக்கா. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அந்தக் குழுவில் நான் இல்லை. என்னை அடி. போலிசில் சொல். அம்மாவிடம் மட்டும் சொல்லாதே.

ரூபன்


ஈப்போ
15 ஏப்ரல் 2024

ரூபன்,

வாள்காரிக்குப் பழைய உடையையே திரும்ப வரையச் சொன்னார்கள், அதுவும் என்னையே. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஜொகூரில் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரையும் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் போகிறேன்.

உனக்கு ஏழு வயதில் கம்ப்யூட்டரில் கேம் ஆட சுங்காய் சைபர் கடைக்கு உன்னைக் கூட்டிப்போனது நான். கை எட்டாமல் என் மடியில் உட்கார்ந்துதான் விளையாடினாய். ஒருநாள் பின்னால் இருந்த பையன்கள் என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவ்வளவு சின்னப் பிள்ளை நீ, திரும்பி அவர்களை முறைத்தாய்.

அந்த நானூறு பேரை எனக்குத் தெரியாது. அதனால் தாங்கிக்கொண்டேன். உன் சிரிப்பு எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் வாய் கோணும் என்றுகூடத் தெரியும்.

அம்மாவிடம் நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவருக்கு நான் கடிதம் போடுவேன். உனக்கு இனி எழுதமாட்டேன்.

புஷ்பலதா


சுங்காய்
2 நவம்பர் 2024

அக்கா,

தீபாவளிக்கு வருவாய் என்று அம்மா இரண்டு டின் முறுக்கு சுட்டு வைத்திருந்தார். நீ வரவில்லை. நான் வீட்டில் இருப்பதுதான் காரணம் என்று அம்மா சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மே மாதமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை, அழவில்லை. "அவ எப்புடிடா சாப்பிட்டா அந்த நாளெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுகிறார்.

ஜொகூர் முகவரியை எனக்குக் காட்டுவதில்லை. அதனால் இதை அம்மாவிடம் கொடுக்கிறேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ எப்படிச் சாப்பிட்டாய் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பதில் வேண்டாம்.

ரூபன்

புஷ்பா, இது மூணு வாரமா எங்கிட்டதான் இருந்திச்சி. படிக்கிறதும் கிழிக்கிறதும் உன் இஷ்டம். நீ கேட்டா மட்டும்தான் இனி அவன் பேர எழுதுவேன். – அம்மா