கண்ணாடியில் எஞ்சிய விறாந்தை

நேற்றுப் பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய கட்டடங்களின் படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி, எண்ணெய் மில், ஐஸ் தொழிற்சாலை, கடலோரப் பண்டகசாலை. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்தவை. ஒரு படத்தின் முன்னால் என் கால் நின்றுவிட்டது. நீண்ட விறாந்தை. தூண்கள் நேற்றுக் கட்டியவைபோல் துல்லியம். தூண்களுக்கிடையில், ஆட்கள் நிற்கவேண்டிய இடத்தில், வெறும் புகை.

விளக்கம் சொல்ல நின்ற ஆசிரியை அருகில் வந்தார். "இதுகளின்ரை கண்ணாடி நெகட்டிவ் கனக்க இருந்ததாம் ஐயா. சண்டைக் காலத்திலை ஆரோ கழுவி வித்திட்டினமாம்."

"அப்பிடியே? பொல்லாத சனம்," என்றேன்.

நீ பக்கத்தில் நின்றிருந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போயிருப்பாய். வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சைக்கிளில் சாமிப் படங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவன் நான். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடை பிடித்துப் படங்களுக்குச் சட்டம் அடிக்கத் தொடங்கியபோது, எதிரே உன் அப்பா விட்டுப்போன ஸ்ரூடியோவில் நீ கலியாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். சண்டையோடு சாமான்களுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. உனக்குப் பிலிமும் இல்லை, பேப்பரும் இல்லை. எனக்குக் கண்ணாடி இல்லை. ஆனால் கண்ணாடி கேட்டு வந்த சனத்துக்குக் குறைவில்லை. அந்த ஆண்டுகளில் என் கடைக்கு வந்த படங்களில் பாதி, மீசை சரியாக முளைக்காத முகங்கள்.

உன் அப்பா எடுத்த கட்டடங்கள் எல்லாம் உன் பின்னறையில் மரப்பெட்டிகளில் இருந்தன. ஒவ்வொரு நெகட்டிவ்வும் ஒரு நல்ல கண்ணாடி. அதை முதலில் கண்டவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். போத்தல் மண்ணெண்ணெய்க்குப் பத்துக் கண்ணாடி என்று பேசினேன். கொதிநீரில் சோடாவைக் கரைத்து அமிழ்த்தினால் படம் தோல்போல் உரிந்துவரும். மில்லின் புகைபோக்கி சுருண்டு வாளிக்குள் மிதந்ததை நீ குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு பெட்டியைத் தனியே எடுத்து என்னிடமே தந்தாய். உன் கூரை செல் குண்டு பட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. என் கடைக்கூரை நல்லது.

"உதைத் தொடாதை. மிசன் ஆசுப்பத்திரிப் பெட்டி. மேலை கிடக்கிறதிலை அம்மா நிக்கிறா."

உனக்கு இரண்டு வயதாயிருக்கையில் போய்ச் சேர்ந்தவ. அந்த ஆஸ்பத்திரியில் தாதி. உன் அப்பா ஊருக்கெல்லாம் படம் எடுத்தார், பெண்சாதியை எடுக்கவில்லை. மிசன்காரர் கேட்டதற்காக விறாந்தையை எடுத்தபோது வரிசையில் அவவும் நின்றிருக்கிறா. நீ கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாய். மூன்றாவது தூணடியில் உடுப்பு இருந்தது, கைகள் இருந்தன, முகம் இல்லை.

"பத்துச் செக்கன் அசையாமல் நிக்கவேணும். உள்ளுக்கை ஒரு பிள்ளை அழுததாம். இவ திரும்பிப் பாத்திட்டா."

சுவர் அசையாது, அதனால் நிற்கிறது. மனிசர் அசைந்தால் புகை.  

சண்டிலிப்பாயிலிருந்து ஒரு அம்மா வந்தது மாரி தொடங்கிய நேரம். பொயிலைத் தோட்டத்தில் செல் விழுந்து போன மகன், பதினெட்டு வயது. மறுநாள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. முப்பத்தொன்றுக்குப் படம் கொழுவாமல் கிரியை செய்தால் பிள்ளை வாசலிலேயே நிற்கும் என்று அழுதா. கடையில் ஒரு கண்ணாடி இல்லை. உன்னைக் கேட்க வந்தேன். நீ மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தாய்.

இரக்கம் மட்டும்தான் என்று சொன்னால் பொய். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்தது அவவின் கண்ணாடி என்று தெரியும். அதை நகர்த்திவிட்டு அடியில் கிடந்தவற்றைப் பார்த்தேன். எல்லாம் உன் பின்னறையில் பட்ட மழையீரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, இழுத்தால் உடையும். உடையாதது நான் நகர்த்தி வைத்த அவவின் கண்ணாடி ஒன்றே ஒன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே கழுவினேன். சோடாவும் முடிகிற நேரம். பாதிக்கு அடுப்புச் சாம்பல் போட்டேன்.

உனக்கு நான் உடனே சொல்லவில்லை. எட்டு நாள் உன்னோடு பிளேன்ரீ குடித்தேன், ஒன்றும் நடக்காதவன்போல.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா திரும்பவும் வந்தா. "தம்பி, என்ரை பிள்ளைக்குப் பக்கத்திலை ஆரோ ஒரு மனிசி நிக்கிறா. ஆரவ?"

அன்றைக்குத்தான் உன்னிடம் வந்து சொன்னேன். நீ அடிக்கவில்லை, ஏசவில்லை. "சைக்கிளை எடு," என்றாய்.

போய்ச் சேர நடுமத்தியானம். சாம்பிராணி மணத்த அறையில் படம் கிழக்குச் சுவரில் தொங்கியது. நேரே நின்று பார்த்தேன், பொடியன் மட்டும்தான். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அப்பிடி நிண்டாத் தெரியாது. இஞ்சாலை, இடப்பக்கம் வாங்கோ," என்றா.

இரண்டு எட்டு நகர்ந்தேன். கண்ணாடிக்குள் வெள்ளி மினுங்கியது. தூண்கள் எழுந்தன. பொடியனின் தோளடியில் நீண்ட உடுப்பும் இரண்டு கைகளும். ஒரு கை அவன் சட்டையைத் தொடுவதுபோல் இருந்தது. கழுத்துக்கு மேலே புகை.

"அம்மா, அது கண்ணாடிப் பழுது. நான் வேறை மாத்தித் தாறன்," என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் வேறு கண்ணாடியும் இல்லை. வாய் அப்படிப் பழகிவிட்டது.

"வேண்டாம் தம்பி. மாத்தினா அவ போயிடுவா. இவன் தனிச்சுப் போவான். நான் ரண்டு பேருக்கும் சேத்துத்தான் விளக்கு வைக்கிறன்." பிறகு உன் பக்கம் திரும்பினா. "நீங்கள் இப்பிடிப் பாக்கிறியள். உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

நீ படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய். "ஓமம்மா, தெரியும். ஆசுப்பத்திரியிலை வேலை செய்தவ. பிள்ளையளெண்டா நல்லாப் பாப்பா."

அந்த அம்மாவின் முகம் தெளிந்ததை நீயும் கண்டாய்.

திரும்பி வருகையில் மானிப்பாய் தாண்டினோம். எனக்குப் பொறுக்கவில்லை. "கேட்டிருக்கலாமேடா. உன்ரை அம்மா எண்டு சொன்னா மனிசி தந்திருக்கும்."

"எனக்கு ஐம்பது வயசடா. அவனுக்குப் பதினெட்டு. ஆருக்கு அவ வேணும்?" கொஞ்சத் தூரம் மிதித்துவிட்டுச் சொன்னாய்: "நீ ஒழுங்காச் சோடா போட்டிருந்தா ரண்டு பேருக்கும் இல்லாமல் போயிருக்கும். உன்ரை கஞ்சத்தனம் காப்பாத்திச்சுது."

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து நடந்தபோது தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உன் நெஞ்சு நின்றது. ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது சண்டிலிப்பாய்க்கு. கூரை இல்லை. கிழக்குச் சுவரில் ஆணி இருந்தது. அந்த அம்மா படத்தைக் கழற்றிக்கொண்டு நடந்தாவா, வேறு யாராவது எடுத்தார்களா, அயலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், மாலை போட்ட படம் தொங்கினால், நேரே நின்று கும்பிட்டுவிட்டு இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்வேன். சட்டம் அடித்த நேர்த்தியைப் பார்க்கிறேன் என்று வீட்டார் நினைப்பார்கள். ஒரு வீட்டில் இறந்த பெட்டைப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் ஐஸ் தொழிற்சாலையின் வாசலைக் கண்டேன், திறந்திருந்தது. இன்னொரு வீட்டில், ஒரு கிழவரின் கண்களுக்கு மேலே மில்லின் யன்னல்கள். நான் சாம்பல் கலந்து கழுவி விற்றவை. யாருக்கும் சொல்லவில்லை, இப்போது உனக்குத்தான் சொல்கிறேன்.

அவவை இன்னும் காணவில்லை. என்றைக்காவது எந்தச் சுவரிலாவது கண்டால், அந்தக் கண்ணாடியை நான் விலை பேசமாட்டேன். ஆரவ என்று வீட்டார் கேட்டால், தெரிந்தவ, பயப்படாதையுங்கோ என்பேன். அதற்கு மேலே சொல்ல எனக்கு உரிமை இல்லை.