பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி

ஜூன் 3, செவ்வாய்

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்தத் தாள்களிடம்தான் போல. மூன்றாம் காட்சியைத் திருத்த வேண்டிய நேரத்தில் இங்கே கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல ஆள் இருந்தால் எழுத மாட்டேன்.

என் நாடகத்தை எடுத்துக்கொண்டார்கள். புதியவர்கள் எழுதியதை மேடையேற்றும் சின்ன அரங்கம். இந்த மாதத்தின் கடைசி வெள்ளி.

அம்மா ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து வந்து தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நம்ம வம்சத்துலயே முதல்ல பட்டம் வாங்கினவ. இப்ப நாடகம் வேறயா? வீட்டுல ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு எங்கடீ ஒளிச்சு வச்சிருந்த இதெல்லாம்?"

என்ன கதை என்று கேட்டாள்.

"ஒரு குடும்பக் கதைம்மா."

"சிரிப்பா, அழுகையா?"

"ரெண்டும்."

பொய் இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

மறைத்ததை இங்காவது எழுதுகிறேன்.

அப்பா எங்களை விட்டுப் போனபோது நான் ஆறாம் வகுப்பு. வெளிநாட்டில் வேலை என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். ஞாயிறு மாலைகளில் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அப்பாவோடு தொலைபேசியில் பேசுவாள். அங்க குளிரா, ஸ்வெட்டர் போட்டுக்கோங்க, இங்க நாங்க நல்லா இருக்கோம். நடுநடுவே சிரிப்பாள். ஒரு நாள் அவள் குளிக்கப் போனதும் நான் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. இணைப்பு எப்போதோ போயிருந்தது.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரை.

அதுதான் மூன்றாம் காட்சி. எழுதும்போது பயமாக இல்லை. யாரும் எடுக்கப் போவதில்லை என்ற தைரியம்.

ஜூன் 9, திங்கள்

ஒத்திகை தொடங்கியது. பழைய தையல் பள்ளியின் மாடி. தரையில் நாடா ஒட்டி, இது கதவு, இது அடுப்படி, இது பால்கனி என்று பிரித்திருக்கிறார்கள். நாடாவைத் தாண்டிப் போகையில் என் கால் தானாகவே தூக்கிக்கொண்டது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் வாசற்படி உயரம்.

அம்மாவாக நடிக்கும் அக்கா பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வேலை முடிந்து சீருடையோடே வருகிறார். மூன்றாம் காட்சியை ஒரு முறை படித்தார். இயக்குநர் தாளைக் கீழே வைத்தார். "எழுத்தாளரம்மா, உங்க நாடகமே இதுதான். மத்ததெல்லாம் இதுக்குப் பந்தல்."

பாராட்டு. நான் என் பிரதியை எடுத்துப் பைக்குள் திணித்தேன்.

ஜூன் 12, வியாழன்

அம்மா டிக்கெட் வாங்கிவிட்டாள். தனக்கு. பேக்கிங் பகுதிக் கூட்டாளிகளுக்கு. பிறகு, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு.

"அவங்களுக்கும் எனக்கும் முன்வரிசை. இப்பல்லாம் காது மந்தமாயிடுச்சு பாவம்."

எந்தச் சுவருக்குக் கேட்கட்டும் என்று அவள் அத்தனை ஞாயிறும் பேசினாளோ, அந்தச் சுவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிறாள்.

"எதுக்கும்மா இத்தனை பேரு?"

"ஏன், கூட்டம் வந்தா உன் நாடகத்துக்குக் கண்ணு பட்டுடுமா?"

ஜூன் 13, வெள்ளி

பெரியம்மா மேடையைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்ப்பார். அந்த ஒரு நொடி. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், வசனம் திருத்தும்போது, அதே நொடி. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் நடப்பது?

ஜூன் 16, திங்கள்

காட்சியை மாற்றி எடுத்துப் போனேன். அம்மாவைச் சித்தியாக்கினேன். தொலைபேசியைக் கடிதமாக்கினேன். பால்கனியைக் கிணற்றடியாக்கினேன், எங்கிருந்து வந்தது கிணறு என்று எனக்கே தெரியாது. நடிகர்கள் மரியாதையாகப் படித்தார்கள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை.

இயக்குநர் கேட்டார், "யாரும்மா இந்தச் சித்தி? நம்ம கதைக்கு விருந்தாளியா வந்திருக்காங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். பிறகு, காட்சியையே எடுத்துவிடலாமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தினார். "அந்தக் காட்சியைப் படிச்சுட்டுத்தான் அரங்கத்துல நாடகத்தை எடுத்தாங்க. அது இல்லன்னா தேதியை அடுத்த குழுவுக்குக் குடுத்துடுவாங்க. நான் தடுக்க முடியாது. அடுத்த திங்களுக்குள்ள முடிவு சொல்லுங்க."

என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா தனியாகத்தான் இருந்தாள். நல்ல மனநிலை. சொல்லவில்லை. நான் ஒரு பயந்தாங்கொள்ளி.

ஜூன் 19, வியாழன்

ஒத்திகை முடிந்து படி இறங்கும்போது வரவேற்பாளர் அக்கா நிறுத்தினார்.

"ஒரு சந்தேகம். அந்தக் காட்சியில நான் யாருக்காகப் பேசுறேன்?"

"பக்கத்து வீட்டுக்காகக்கா. கதவு திறந்திருக்கே."

"அது சரி. ஆனா பொண்ணும் உள்ளதானே இருக்கா? எந்தப் பக்கம் திரும்பிப் பேசணும்னு தெரியாம முழிக்கிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

அம்மா எந்தப் பக்கம் திரும்பி நின்றாள்? பால்கனிக்கு முதுகைக் காட்டி. கூடத்தில் புத்தகம் விரித்திருந்த என்னைப் பார்த்து. ரிசீவரை வைத்ததும் நான் கேட்பேன், "அப்பா என்ன சொன்னாரும்மா?" நல்லாப் படிக்கச் சொன்னார் என்பாள். இணைப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். கேட்காவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுமே என்று.

இத்தனை வருடம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் தலையணை உறையைப் பார்த்துச் சொன்னேன். போன், பால்கனி, ஸ்வெட்டர், எல்லாம். பெரியம்மா முன்னாடி உனக்கு அவமானமாயிடும், வேணாம்னா விட்டுடறேம்மா என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. ஒரு துண்டு, இன்னொரு துண்டு.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்னடீ தெரியாது? உங்கப்பன் போன அன்னைக்கே அவங்க மடியிலதான் விழுந்து அழுதேன். கதவைத் தொறந்து வச்சது வெக்கைக்கு."

"அப்புறம் யாருக்கும்மா பேசின?"

கையிலிருந்த துண்டை வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அப்ப... தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா? அப்பா என்ன சொன்னாருன்னு?"

தலையாட்டினேன்.

மடித்த துணியை எல்லாம் அலமாரியில் வைத்தாள். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவப் பாத்திரமே இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மாவைப் பற்றியே பயந்து செத்தேன். இது என் கணக்கிலேயே இல்லை. அவள் எனக்காகக் கட்டிய ஒன்றை நான் ஆறாம் வகுப்பிலேயே இடித்துவிட்டு, இன்றுதான் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21, சனி

பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள், மூடி போட்டு.

ஜூன் 22, ஞாயிறு

பேசவில்லை. இயக்குநரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். போகட்டும். இன்னொரு நாடகம் எழுதலாம். எழுத முடியுமா? எனக்குத் தெரிந்த கதை இது ஒன்றுதானே.

ஜூன் 23, திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, பையில் எதையோ தேடிக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பொண்ணு... நானா நடிக்கிறவ. போன்ல பேசும்போது அழுவாளா?"

"இல்லம்மா."

"அழ வேணாம்னு சொல்லு. அப்படியெல்லாம் இல்ல நான்."

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

காட்சி இருக்கும் என்று இயக்குநரிடம் சொன்னேன். மகளுக்கு ஒரு வசனம் சேர்த்தேன்: "அப்பா என்ன சொன்னாரும்மா?" வரவேற்பாளர் அக்கா இனி மகளைப் பார்த்துப் பேசுவார்.

ஜூன் 25, புதன்

விளக்கு ஒத்திகை. காட்சி நன்றாக வருகிறது. நான்தான் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

ஜூன் 27, வெள்ளி

அரங்கத்தின் பின்னால், விளக்கு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒளிந்துகொள்ள இடம் கேட்டபோது விளக்குக்காரர் அலுத்துக்கொள்ளவில்லை. "எழுதினவங்க எல்லாரும் இங்க வந்துதான் நடுங்குவாங்க" என்று ஒரு ஸ்டூல் தந்தார். சற்று முன் இன்னொரு ஸ்டூலும் கேட்டு வாங்கினேன். அதில் அம்மாவின் பை இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து பாதியில் கிளம்பி வந்தவள், முகம் கழுவப் போயிருக்கிறாள். கண்ணாடிக்கு அப்பால் முன்வரிசையில் பெரியம்மா. பக்கத்தில் அவர் மருமகள்.

இன்று காலையில் அம்மா சொன்னாள், "என் டிக்கெட்டை அவங்க மருமகளுக்குக் குடுத்துட்டேன். எனக்கு ஷிப்ட் இருக்குடீ. நீ நல்லாப் பண்ணு."

சரிம்மா என்றேன். எங்கள் வீட்டில் இப்படித்தான். அவள் ஒன்று சொல்வாள், நான் நம்பினதுபோல் தலையாட்டுவேன். அவள் படி இறங்கும் சத்தம் கேட்டது. செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினேன். அவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவளிடம் ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னேன். கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நாடகம் முடியிற வரைக்கும் என் பக்கத்துல உக்காந்திரும்மா."