முருகன் படத்துக்கு முன்னால் வைத்த அட்டை

சுகர்லாந்து, டெக்சஸ்
16 பிப்ரவரி 2000, புதன்கிழமை

அன்புள்ள சபரிக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. உங்கப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அவருடைய சர்க்கரை போன மாதத்துக்கு இறங்கியிருக்கிறது, என் முழங்கால் மழை வந்தால் மட்டும் படுத்துகிறது. நீ அந்த வாஷிங்டன் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா, சனி ஞாயிறாவது ஒரு வாய் சோறு வடித்துச் சாப்பிடுகிறாயா, அது தெரிந்தால் போதும். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை அழுத்திச் சொன்னால் "அம்மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஈமெயில் என்றால் அது உன் ஆபீஸ் ஈமெயில், யார் யார் பார்ப்பார்களோ. எட்டு வயது வரைக்கும் கோபியில் படித்த தமிழ் மறந்திருக்காது. மறந்திருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படி, ஆனால் கடைசி வரைக்கும் படி.

வீட்டுச் செய்தி என்றால், பின்னால் இருக்கிற எலுமிச்சை ஜனவரிப் பனியில் கருகிப்போச்சு என்று நினைத்தோம், இப்போது அடியில் துளிர் விட்டிருக்கிறது. பர்வதம் ஆன்ட்டி வீட்டில் கயலுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், சான்டா கிளாராவில் வேலையாம். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, உன்னைக் கேட்கவில்லை, செய்தி சொன்னேன். கோயிலில் தைப்பூசம் ஜோராக நடந்தது என்று உங்கப்பா சொல்லியிருப்பார், கமிட்டி செக்ரட்டரி அல்லவா, அவர் அப்படித்தான் சொல்லுவார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அலங்காரத்துக்குத் திரை போட்டிருந்த நேரம், நீ வேலை பார்க்கிற காங்கிரஸ்மேன் விட்லாக் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். பால்குடம் எடுத்து வந்தவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவருக்குப் பூர்ணகும்பம் என்ன, மாலை என்ன, கடைசியில் குருக்கள் பரிவட்டத்தைக் கொண்டுவந்து அந்த ஆள் தலையில் கட்டினார். நம் பக்கம் அந்த ஒரு முழத் துணி யார் தலையில் ஏறுவது என்று வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. பரம்பரையாகச் சாமி காரியத்தை எடுத்துச் செய்தவனுக்குக் கட்டுவார்கள். அதைக் கொண்டுபோய், கொடுத்த வாக்கைத் தின்று ஏப்பம் விட்ட ஒருத்தர் தலையில் கட்டி, எல்லாரும் கை தட்டினார்கள். கையில் வாங்கின பஞ்சாமிர்தத்தை விழுங்க முடியாமல் டிஷ்யூவில் சுற்றி வைத்துவிட்டேன். பிரசாதத்தை அப்படிச் செய்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

சரி, நீ போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதற்கு வருகிறேன். விட்லாக் நாலாவது தடவை நிற்கிறார், மார்ச்சில் கட்சிக்குள் நடக்கிற பிரைமரி தேர்தல், ஒரு பத்திரிகைக்காரப் பெண் அவர் 94இல் கையெழுத்துப் போட்ட அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறாள், ஆபீஸில் இருந்த பிரதி எங்கேயோ 'காணாமல் போய்விட்டது', அசல் நம் சாமி ரூமில் இருக்கிறது, அதை எடுத்துக் கிழித்துப் போட்டுவிடு என்றாய். நீயே மறுபடியும், "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ கார்டு, அப்பாவோட ஷ்ரெட்டர்ல போட்டுடு, யாராவது கேட்டா ஞாபகம் இல்லன்னு சொல்லிடு" என்றாய். குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை. பால் வாங்கி வை என்கிற மாதிரி சொன்னாய்.

அந்த அட்டை எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. என்னை யாரும் கையைப் பிடித்து இழுத்து ரிபப்ளிகன் ஆக்கவில்லை. சிட்டிசன்ஷிப் வாங்கின புதிதில் டிவியில் அவர்கள் பேசினது எங்கப்பா பேசுகிற மாதிரியே இருந்தது. கவர்ன்மென்ட்டிடம் கையேந்தாதே, சொன்ன சொல்லில் நில், பதவிக்குப் போனால் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வா. எங்கப்பா கூட்டுறவு சங்கத்தில் ரெண்டு தடவை தலைவராக இருந்துவிட்டு மூன்றாவது தடவை ஊரே வந்து கேட்டும் மாட்டேன் என்றவர், உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வெயிலில் புடவையோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். சில வீடுகளில் நான் ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். 94 செப்டம்பரில் நம் ஹாலில் தொண்ணூறு பேருக்கு இட்லி வேகவைத்தேன். விட்லாக் நடுவில் நின்று அட்டையைச் சத்தமாகப் படித்தார். மூன்று தடவைதான், அதற்குமேல் நிற்க மாட்டேன், என் பதவியால் என் குடும்பத்தில் ஒருவருக்கும் லாபம் வராது என்று படித்துக் கையெழுத்துப் போட்டார். வேறு வீடாக இருந்தால் அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பார்கள். நான் என்ன செய்தேன், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் ஏற்றி, அவரைத் தொட்டுக் கும்பிடச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார், போட்டோ எடுத்தார்கள். கற்பூரத்துக்கு முன்னால் சொன்னதை யாரும் மீற மாட்டார்கள் என்று நான் நம்பினேன். அந்த மனுஷனுக்குக் கற்பூரம் என்றால் என்ன தெரியும்? அது என் மடத்தனம். ஐந்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த அட்டையைத் துடைத்து விபூதி வைத்திருக்கிறேன், நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

98 மழையில் பர்வதம் ஆன்ட்டி வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, கயலின் அரங்கேற்றப் புடவைகூட சேற்றில் போச்சே. ஓடையை அகலப்படுத்த வாஷிங்டனில் இருந்து ஏதாவது செய்யுங்கள் என்று தெருவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. விட்லாக் வந்து, எல்லாவற்றுக்கும் வாஷிங்டனைப் பார்க்கக் கூடாது, சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பேசிவிட்டுப் போனார். நான் கை தட்டினேன். அதோடு விட்டேனா, பர்வதத்திடமே போய், கையேந்தக் கூடாது அக்கா என்று உபதேசம் செய்தேன். அவள் ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், அதற்குப் பிறகு மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. அதே வருஷம்தானே ஹைவே மசோதாவில் அவர் ஒரு எக்ஸிட்டை, ரோட்டிலிருந்து இறங்குகிற வழியை, செருகியது? நவம்பரில் உங்கப்பாவோடு அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். இறங்கினால் ஒரு கடை இல்லை, வீடு இல்லை, பத்து மாடு மேய்கிறது. நிலம் அவருடைய மச்சினனுடையது என்று பேப்பரிலேயே வந்துவிட்டது. சீச்சீ! படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். தாங்க்ஸ்கிவிங்குக்கு வந்தபோது உன்னிடம் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதாம்மா, டெமாக்ரட்ஸ் நாப்பது வருஷம் பண்ணாங்க" என்றாய். அதற்காகத்தானே கண்ணு அவர்களை இறக்கச் சொல்லிக் கதவு கதவாகத் தட்டினோம்? அவர்கள் நாற்பது வருஷம் தின்றதை உன் ஆட்கள் ஆறே வருஷத்தில் தின்று முடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. இன்னொன்று. அந்த ஜனாதிபதி பொய் சொன்னார் என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டபோது விட்லாக் சபையில் எழுந்து, ஒரு மனிதனிடம் அவன் வார்த்தையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று பேசினாரே, அது நான் எழுதினதும்மா என்று கட்டிங் அனுப்பினாய். ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டினேன், வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். நேற்று அதைக் கழற்றிவிட்டேன், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

உங்கப்பா என்னிடம் சரியாகப் பேசி மூன்று நாள் ஆகிறது. குருக்கள் விசா ஏப்ரலில் முடிகிறது, எக்ஸ்டென்ஷனுக்கு விட்லாக் ஆபீஸ் கடிதம் கொடுத்தால்தான் சீக்கிரம் நடக்கும் என்று கமிட்டியில் எல்லாருக்கும் பயம். "ஒரு அட்டைக்காகக் கோயிலை மூடச் சொல்றியா நாகமணி" என்றார். தொகுதியில் இருக்கிறவர்கள் கேட்டால் கடிதம் கொடுப்பது அந்த ஆபீஸ் வேலை, அதற்கு யாரும் பரிவட்டம் கட்டத் தேவையில்லை என்றேன். உனக்கு ஒண்ணும் தெரியாது என்று எழுந்து போய்விட்டார். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரிய மனுஷன் வந்து நம்மோடு நின்று போட்டோ எடுத்தால் போதும் என்று நாமும்தானே பல்லை இளித்துக்கொண்டு நின்றோம். ஒரு கேள்வி கேட்டோமா? கேட்டால் மரியாதையாக இருக்காதாம். அந்த மரியாதையைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி ஆகிவிட்டது.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், நான் பெரிய உத்தமி வேஷம் போடுகிறேன் என்று நினைத்துவிடாதே. திங்கட்கிழமை காலையில், உங்கப்பா வேலைக்குப் போனதும், நீ சொன்னபடி அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஷ்ரெட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். சுவிட்சும் போட்டேன். பெற்ற பிள்ளை வேலை போய்விடுமே, பேப்பரில் பேர் வந்துவிடுமே, ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றுதான். விட்லாக் எக்கேடு கெட்டால் எனக்கென்ன. உள்ளே விடுவதற்கு முன்னால் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்த அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். விட்லாக் கையெழுத்துக்குக் கீழே சாட்சி என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் யார் கையெழுத்து என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கே மறந்துபோயிருந்தது. நீதான். பத்தொன்பது வயது, காலேஜிலிருந்து அதற்காகவே பஸ் பிடித்து வந்தாய். யார் சாட்சி போடுவது என்று விட்லாக் கேட்டபோது உங்கப்பா வருவதற்குள் நீ முந்திக்கொண்டு பேனாவை வாங்கினாய். தமிழில் போடுகிறேன், அவர் வாஷிங்டன் போனாலும் நம்மை மறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சே. சபரி என்று முத்து முத்தாக எழுதினாய். கடைசி எழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, எழுதி முடிப்பதற்குள் சந்தோஷத்தில் என் பக்கம் திரும்பிச் சிரித்தாய், நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த எழுத்தைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்துவிட்டேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த விட்லாக் போட்ட கையெழுத்தை அவன் மீறினான், அது அவன் பாடு. உன் கையெழுத்தை, உன்னைப் பெற்றவள் கையாலேயே பொடிப்பொடியாக்கச் சொன்னாயே, எப்படியடா வாய் வந்தது உனக்கு?

நேற்று செவ்வாய்க்கிழமை அந்தப் பத்திரிகைக்காரப் பெண் நம் வீட்டுக்கே போன் பண்ணினாள். பழைய போட்டோவில் சாமி படத்துக்கு முன்னால் அட்டை தெரிகிறதாம், இன்னும் இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். ஞாபகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இருக்கிறது என்றேன். அடுத்த புதன்கிழமை, 23ஆம் தேதி, காலை பத்து மணிக்கு வந்து பார்த்துக்கொள்ளம்மா என்றேன். இன்றைக்கே வரட்டுமா என்று துடித்தாள், முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் சனிக்கிழமை உன் கைக்கு வரும். அதற்குப் பிறகு உனக்கு ஞாயிறு, திங்கள், செவ்வாய் இருக்கிறது. திங்கள் உனக்கு லீவு. அந்தப் பெண்ணின் போன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அவள் உன் பேரைக் கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னால் நீயே கூப்பிட்டு, ஆமாம், நான்தான் சாட்சி, அவர் சத்தியம் செய்தார் என்று சொல். வேலை போனால் போகட்டும். உன் ரூம் அப்படியே இருக்கிறது, போன வாரம்தான் பெட்ஷீட் மாற்றினேன். வீட்டுக்கு வா, ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், உங்கப்பாவையும் கேட்க விடமாட்டேன்.

இதையெல்லாம் எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எழுந்து போய் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றினார், ஏற்கெனவே ஊற்றின மரத்துக்கு. திரும்பி வந்து, கவரைக் கொடு, நான் போஸ்ட் பண்ணிவிடுகிறேன் என்றார். கொடுக்கவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரை நம்பி ஒரு கவரைக் கொடுக்காதது இதுதான் முதல் தடவை, அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டீர்கள் எல்லாருமாகச் சேர்ந்து. நானே போஸ்ட் ஆபீஸுக்கு நடந்துபோய்ப் போடப்போகிறேன்.

முருகன் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும். எங்கே இருந்தாலும் பசியில்லாமல், பயமில்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்திரு. டிரை கிளீனரிடம் கொடுத்த கம்பளிக் கோட்டை இன்னும் வாங்கவில்லை என்றாயே, மறக்காமல் வாங்கிவிடு, மார்ச் வரைக்கும் அங்கே பனி இருக்கும். அட்டையை சாமி ரூமிலிருந்து எடுத்துவிட்டேன், இனிமேல் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. டைனிங் டேபிளில், உப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. புதன்கிழமை காலையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று போட்டு வைப்பேன். நீ வந்து உட்கார்ந்தால் நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். வராவிட்டால், அன்றைக்கு இந்த ஹாலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நானும்தான், நான் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சே. நாகமணி