நான் படிக்காத பெயர்

அண்ணா,

இன்று காலை சங்கத்துக்குப் புது பிளெக்ஸ் வந்தது. சுருளைப் பிரித்ததும் மையின் நெடி அறை முழுக்க ஏறியது. ஆள் உயரத்துக்கு நீங்கள். கீழே தெலுங்கில் ‘நம் நிறுவனர்’ என்று கொட்டை எழுத்து. அடுத்த வாரம் ஆண்டு விழா. மேடைக்குப் பின்னால் உங்களை நிறுத்தப் போகிறார்கள். பழைய குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த படம். பக்கத்தில் நின்றவரை அழித்த அச்சகக்காரர், உங்கள் தோள்மேல் கிடந்த விரல்களைக் கவனிக்கவில்லை. நான்கு விரல்கள் அப்படியே இருக்கின்றன. யாருடையவை என்று இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

முனுசாமி அண்ணனுடையவை.

நாம் மூவரும் ஒரே பட்டாலியன். நீங்கள் ஹவில்தார், நான் வயர்லெஸ், அவர் சமையல். போரின்போது குண்டு விழுகிற மலைச்சரிவில், சோற்றுப் பாத்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நம் பங்கருக்கு ஏறி வந்தவர். பனியில் ஒரு காலின் விரல்கள் அத்தனையும் போயின. ஊர் திரும்பிய பிறகு, ஊனச் சான்றிதழுக்காக அவரை அழைத்துக்கொண்டு சித்தூருக்கு எத்தனை முறை போயிருப்போம்! ஒவ்வொரு முறையும் அந்தக் குமாஸ்தா தலையைத் தூக்காமலே “ரேப்பு ரா”, நாளை வா, என்பார். அவருக்கு எந்த நாளும் நாளைதான். நம் ஊர் நகரிக்குத் திரும்பும் பஸ்ஸில் நீங்கள் சொன்னீர்கள்: “மூணு பேரா போனா ரேப்புன்றான். முப்பது பேரா போனா இன்னிக்கேன்னுவான், பாத்துக்கினே இரு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனுசாமி அண்ணன் தன் டிபன் கடைக்கு லீவு விட்டார். பதினோரு பேர் கூடினோம். எல்லோருக்கும் அவரே பொங்கல் போட்டார். நோட்டில் முதல் பெயர் உங்களுடையது, இரண்டாவது அவருடையது, மூன்றாவது என்னுடையது. நம் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் பிறந்தது அந்தக் கடையில்தான்.

பிறகு ஊர் ஊராக அலைந்தோம். பலமனேர் சந்தையில் தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் நேரே போய், “எந்த யூனிட்டு?” என்று கேட்டீர்கள். கூடையைப் போட்டுவிட்டு அவர் விறைத்து நின்றார். நடையைப் பார்த்தே கண்டுபிடித்தீர்களாம். குடுபல்லி வரை அப்படி ஆள் சேர்த்தீர்கள். எல்லோரும் திரண்டு சித்தூருக்குப் போன அன்று அதே குமாஸ்தா எழுந்து நின்றார். சான்றிதழ் அன்றே கைக்கு வந்தது. வெளியே வந்து எடுத்ததுதான் அந்தக் குரூப் போட்டோ.

சங்கம் திருப்பதிக்கு வந்ததும் எல்லாம் மாறியது. சொந்த ஹால், கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை. செயலாளர் அறைக் கதவில் என் பெயர். பெரிய பதவியில் ஓய்வு பெற்றவர்கள் கமிட்டிக்குள் வந்தார்கள். ஆயுதம் ஏந்திப் போரிட்டவர்கள் மட்டுமே உறுப்பினர் என்று புது விதி போட்டார்கள். பொதுக்குழுவில் உறுப்பினர் பட்டியலை நான்தான் மைக்கில் படித்தேன். வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முனுசாமி அண்ணன் வெள்ளந்தியாகக் கேட்டார்: “ஏம்ப்பா, என் பேர உட்டுட்ட பாரு.”

“அடுத்த லிஸ்ட்ல வரும்ண்ணா” என்றேன். வராது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுந்தீர்கள். “இவன் சோறு தூக்கினு மேல வரலன்னா நாங்க எல்லாரும் பொணமாத்தான் எறங்கியிருப்போம். நீயே சொல்லுடா. நீயும் துன்னவன்தானே?”

ஹாலே என்னைப் பார்த்தது. நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நீங்கள் அவர் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிப் போனீர்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்தேன். உள்ளே பார்த்து அண்ணியிடம் சொன்னீர்கள்: “செயலாளரு வந்துகீறாரு, சேர் எடுத்தா.” டா போட்டுத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு அண்ணா. நீங்கள் கட்டியதை ஒரே நாளில் அவர்களிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டீர்கள். உள்ளே இருந்து சண்டை போட்டிருந்தால் நானும் ஒருநாள் உங்கள் பக்கம் வந்திருப்பேன். இதைக்கூட உங்கள்மேலேயே போடுகிறேன், பாருங்கள்.

நீங்கள் போன அன்று சங்கத்திலிருந்து மலர்வளையத்தோடு நான் மட்டும் வந்தேன். கமிட்டிக்கு அமைச்சரை வரவேற்கும் வேலை இருந்ததாம். வளையத்தை வைத்துவிட்டுத் தெருவோரமாக ஒதுங்கி நின்றேன். முன்னால் தோள் கொடுத்திருந்த முனுசாமி அண்ணன், விந்தி விந்தி நடந்தபடியே என்னைப் பார்த்துவிட்டார். “இன்னாத்துக்கு அங்க நின்னுகினுகீற? வா, தோள் மாத்து.” அவ்வளவுதான். பழைய கதை ஒன்றையும் எடுக்கவில்லை. சுடுகாடுவரை உங்களைச் சுமந்தேன்.

அவர் மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறேன். அதனால் எதுவும் லேசாகவில்லை. நான் இன்னும் செயலாளர்தான். கதவில் என் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் பட்டியல் படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் நாக்கு நின்றுவிட்டுத்தான் நகர்கிறது. யாரும் கவனிப்பதில்லை. ‘ஆமாம், நானும் தின்றவன்தான்’ என்று ஒரு வரி சொல்லத்தான் அன்று கேட்டீர்கள். அதை இன்றுவரை நான் எங்கேயும் சத்தமாகச் சொன்னதில்லை.