மிச்சம் இருக்கும் ஒரே நாடு

என்னங்க,

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். குழாய்க்காரர் வந்தால் குளியலறையைக் காட்டுங்கள். வெளியே போனால் சாவியை மேல்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

கம்ப்யூட்டரில் நாம் ஆடும் நாடு பிடிக்கும் விளையாட்டை மூடவில்லை. என் முறை முடிந்தது, இனி உங்கள் முறை.

அதில் வடக்கு நாட்டோடு நட்பு ஒப்பந்தம் போட்டீர்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினீர்கள். அடுத்த முறையே உங்கள் படை புகுந்து அந்த நாடே இல்லை. தீவுக்காரர்களுக்கும் அதே கதிதான். இப்போது நீங்கள் பிடிக்க மிச்சம் இருப்பது என் நாடு மட்டும்.

வெளியூர் வேலைக்கு நான் போகக் கூடாதென்று ஒரு வாரமாகக் கத்தினீர்கள். நேற்று திடீரென்று, "சரிம்மா, உன் இஷ்டம்போல செய்" என்றீர்கள். தட்டைக்கூட நீங்களே கழுவினீர்கள். ராத்திரி எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. விளையாட்டை வைத்துப் புருஷனை எடை போடுகிறாளே என்று சிரிக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து சாயங்காலம் வந்துவிடுவேன்.

பி.கு.: முட்டையில் உப்பு குறைவு.

இன்னொன்று: பயத்தில் என் படை முழுவதையும் உங்கள் எல்லையில் நிறுத்திவிட்டேன். கோபப்படாதீர்கள். இல்லை, கோபப்படுங்கள். நான் வந்ததும் பழையபடி கத்துங்கள். அப்போதுதான் இன்றைக்காவது தூங்குவேன்.